மறந்தால் ஆறிவிடுமா?

யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர்களை அவர்களின் பழைய அயலவர் ஒருவர் விசாரித்து வந்து மதுரங்குளியில் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்து, "அந்த நேரம் நாங்கள்..." என்று தொடங்கினால் போதும். பக்கத்தில் இருப்பவர் உடனே வைத்தியராகி விடுவார்: "விடுங்க ஐயா, மறந்திருங்க. கிளறினா மூளை குழம்பிரும்." உளவளத்துணை வேலையில் இருக்கிற எனக்கு இதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். சொன்னவர் நிம்மதியாகத் தூங்குவார். கேட்டுப் போனவர்தான் விடியும்வரை முழித்துக் கிடப்பார்.

1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். ஏறக்குறைய 75,000 பேர் வேரோடு பிடுங்கப்பட்டார்கள். பெருந்தொகையினர் எங்கள் புத்தளம் மாவட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்கள் கதை ஓரளவு எழுதப்பட்டிருக்கிறது. படலைக்குள் நின்று பார்த்தவர்கள் கதை எழுதப்படவில்லை. பிறகு சோனகத்தெரு வீட்டுக் கதவை மலிவாக வாங்கித் தன் வீட்டில் மாட்டியவர் கதையும் எழுதப்படவில்லை. துப்பாக்கிக்குப் பயந்து வாய்மூடி நின்றது வேறு, கதவு வாங்கியது வேறு. வாங்கியவருக்கு அது நன்றாகவே தெரியும்.

மனசாட்சிக்கு எதிராக நடந்ததால் உள்ளே தங்கிவிடும் இந்த உறுத்தலை ‘அறக்காயம்’ என்கிறோம். வியட்நாம் போரில் இருந்து திரும்பியவர்களுக்கு வைத்தியம் பார்த்த ஜொனதன் ஷே 1994-இல் இதைப் பற்றி எழுதினார். 2009-இல் உளவியலாளர் பிரெட் லிட்ஸ் குழுவினர், செய்தது மட்டுமல்ல, தடுக்காமல் நின்றதும் காயமாகும் என்றார்கள். மறக்கச் சொல்கிறவர்களுக்கு இன்னொன்று: 1987-இல் உளவியலாளர் டானியல் வெக்னர் சிலரிடம் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்றார். அவர்களால் முடியவில்லை. பிறகு நினைக்கலாம் என்றதும், தொடக்கத்திலிருந்தே நினைக்க விடப்பட்டவர்களைவிட அவர்களுக்குத்தான் கரடி அதிகம் வந்தது. லிட்ஸின் சிகிச்சையில், தான் மதிக்கும் ஒரு பெரியவர் எதிரே இருப்பதாக எண்ணி நடந்ததைச் சொல்ல வேண்டும். அவர் என்ன பதில் சொல்வார் என்பதையும் தன் வாயாலேயே சொல்ல வேண்டும். அழுகை வரும். அழுகைக்குப் பெயர் மூளைக் குழப்பமா?

படைக்காரருக்கு மட்டும்தான் இது வரும் என்பதும் கதை. 2020-இல் கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்களை எரிப்பதற்கு, மனமில்லாமல் கையொப்பமிட்ட உத்தியோகத்தருக்கும் வரலாம்.

நேர்த்தி வைத்தால் தீருமா? உடப்பில் தீ மிதியுங்கள், தலவில் அன்னம்மாளிடம் போங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் அடுத்தவர் உடைமையைக் கையில் வைத்துக்கொண்டு செய்யும் தவ்பா (பாவமன்னிப்புக் கோரல்) நிறைவேறாது என்பதை மதரசாப் பிள்ளையே சொல்லும்.

புலிகளின் தலைவர்களே 2002-இல் கிளிநொச்சியில் மன்னிப்புக் கேட்டாயிற்றே என்பார்கள். அது அவர்கள் கணக்கு. கதவு உங்கள் வீட்டில் இருக்கிறது.

வெளியேற்றப்பட்டவர்கள் மன்னித்தால்தான் ஆறும் என்பதும் பிழை. மன்னிப்பது அவர்கள் கடமையல்ல. உங்கள் நித்திரைக்காக அவர்களை நச்சரிக்காதீர்கள்.

சாப்பாடு இறங்கவில்லை, சாக வேண்டும் போல் இருக்கிறது என்றால் அது வேறு விஷயம்: 1926-க்கு அழையுங்கள், மாத்திரை தந்தால் போடுங்கள். மற்றவர்களுக்கு என் மருந்துச்சீட்டு, கையில் இருக்கும் அடுத்தவர் காணியைத் திருப்பிக் கொடுப்பதுதான். பத்து வருடம் ஆண்டுவிட்டோம், இனி நமக்குத்தான் என்ற பேச்சை விடுங்கள். போர்க்காலத்தை அந்தக் கணக்கில் சேர்க்காமல் விடவே 2016-இல் தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். உறுதி யார் பெயரில் என்று காணிப் பதிவகத்தில் பாருங்கள். ஆளைத் தெரியாவிட்டால் இங்குள்ள பள்ளிவாசலில் தெருப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்; பெரும்பாலும் அன்றைக்கே ஆள் கிடைத்துவிடும்.