நகையும் அழுகையும்

தொல்காப்பியனார் மெய்ப்பாடுகள் எட்டனை எண்ணுமிடத்து, நகையை முதற்கண்ணும் அழுகையை அதனை அடுத்தும் வைத்தார். இவ்விரண்டும் எத்துணை அணுக்கமானவை என்பதை, அமெரிக்க நகைச்சுவை ஆசிரியர் லாரி கெல்பார்ட்டின் எழுத்துவாழ்க்கை நன்கு விளக்கும்.

இவர் 1928-ஆம் ஆண்டு சிக்காகோ நகரிற் பிறந்தார். தந்தையார் முடிதிருத்துந் தொழிலினர். தம்மிடம் முடிதிருத்திக்கொள்ள வந்த டானி தாமஸ் என்னும் நகைச்சுவை நடிகரிடம் அவர் தம் மைந்தனின் திறமையை எடுத்துரைத்தார். அதன் பயனாகக் கெல்பார்ட் பதினாறாம் வயதிலேயே வானொலிக்கு எழுதலானார். பின்னர் பாப் ஹோப்புக்கும், தொலைக்காட்சியிற் சிட் சீசருக்கும் எழுதினார். திரைப்படத் துறையில் "ஓ, காட்!" (1977), "டூட்ஸி" (1982) என்பன அவர்தம் எழுத்தால் விளங்கியவை.

ஆயினும் அவர் புகழை நிலைநிறுத்தியது, 1972-இல் தொடங்கிய "மேஷ்" என்னும் தொலைக்காட்சித் தொடரேயாம். கொரியப் போரின்போது (1950–53) போர்முனைக்கு அணித்தே கூடாரங்களில் நடைபெற்ற இராணுவ மருத்துவமனை அதன் களம். நகைத்தொடர்களிற் பதிவுசெய்த சிரிப்பொலியை இடையிடையே சேர்த்தல் அந்நாள் வழக்கம். ஒளிபரப்பு நிறுவனத்தார் அதனை வேண்டினர். கெல்பார்ட்டும் தயாரிப்பாளர் ஜீன் ரெனால்ட்ஸும் மறுத்தனர். முடிவில், அறுவைச் சிகிச்சைக் காட்சிகளிற் சிரிப்பொலி கூடாதென்பது வரையறையாயிற்று. குருதி தோய்ந்த கையினராய் மருத்துவர் ஆங்கும் கேலி பேசுவர். உடன் நகைக்கும் ஒலி எழாமையின், அக்கேலி தளரும் உள்ளத்துக்கு ஊன்றுகோல் என்பது காண்போர்க்குப் புலனாகும்.

1975-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அவர் இன்னும் ஒருபடி சென்றார். யாவரும் விரும்பிய கர்னல் பிளேக் பணிமுடிந்து விடைபெறுகின்றார். சிறிது பொழுதில், அவர் ஊர்ந்த வானூர்தி சுட்டு வீழ்த்தப்பட்டதென்றும் எவரும் பிழைத்திலரென்றும் செய்தி வருகின்றது. பிற காட்சிகள் முடியும்வரை அவ்விறுதிப் பக்கம் நடிகருட் பெரும்பாலோர்க்குக் காட்டப்படவில்லை. நேயர் பலர் வருந்தியும் சினந்தும் மடல் விடுத்தனர். போர் நாம் அன்புகொண்டோரையும் கொல்லும். அதனை மறைத்து நகைப்பித்தல் பொய்யாகும் என்பதே அவர் கருத்து.

1976-இல் கெல்பார்ட் அத்தொடரினின்று விலகினார். தொடரோ 1983 வரை நடைபெற்றது. 2009-இல் அவர் காலமானார். நகைச்சுவை எழுத விழையும் மாணவர், எவ்விடத்து நகைப்பித்தல் வேண்டும் என்பதனோடு, எவ்விடத்து நகையொலி அடங்கல் வேண்டும் என்பதையும் இவர்பாற் கற்றல் நலம்.