புரோட்டீன் பவுடர்: டப்பாவுக்கு முன்னால் தட்டு

ஜிம்மில் சேர்ந்து மூன்று வாரம் ஆகி, ஸ்குவாட் ஓரளவு பிடிபட்டதும் ட்ரெய்னர் கேட்பார்: "மேடம், புரோட்டீன் எடுக்குறீங்களா?" வீட்டில் சொன்னால் அம்மா பதறுவார்: "அதெல்லாம் ஆம்பளைங்க சாப்பிடுறதும்மா. கிட்னி போயிடும், மீசை முளைக்கும்." ஒருவர் விற்கப் பார்க்கிறார், மற்றவர் பயப்படுகிறார். நீங்கள் தினமும் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று இருவருமே கேட்பதில்லை. அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அம்மாவின் பயங்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடலாம். வீட்டில் பாலைத் திரித்துப் பன்னீர் எடுத்தால் மஞ்சள் கலந்த தெளிந்த நீர் மிஞ்சும். அதிலுள்ள புரதத்தைப் பிரித்து உலர்த்தினால் கிடைப்பதுதான் 'வே' பவுடர். மீசை முளைக்க வைக்கும் ஹார்மோன் எதுவும் அதில் இல்லை. பெண் உடலில் டெஸ்டோஸ்டிரோன் ஆண்களைவிடப் பல மடங்கு குறைவு என்பதால், பவுடர் குடித்து டெட்லிஃப்ட் செய்தாலும் தோள்கள் ஆண்களைப் போலப் பருத்துவிடாது. சிறுநீரகத்தைப் பொறுத்தவரை, அது நலமாக இருப்பவர்களுக்கு எடைப்பயிற்சிக்கான அளவில் எடுக்கும் புரதம் கெடுதல் செய்வதாக ஆய்வுகள் காட்டவில்லை. ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இது பொருந்தாது.

எவ்வளவு வேண்டும்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். சாதாரண ஆளுக்குப் பரிந்துரைப்பது, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம். எடை தூக்குபவர்களுக்கு விளையாட்டு ஊட்டச்சத்து வல்லுநர்கள் சொல்வது 1.4 முதல் 2 கிராம். 1.6 கிராமுக்கு மேல் போனால் தசை வளர்ச்சியில் பெரிதாகக் கூடுதல் பலன் இல்லை என்று 2018-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டார்கள். 1.4 முதல் 1.6 கிராம் என்று வைத்தால், 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளுக்கு 84 முதல் 96 கிராம் வரை.

காலையில் நாலு இட்லி சாம்பார், மதியம் சோறு, குழம்பு, பொரியல், தயிர், இரவில் மூன்று சப்பாத்தி குருமா என்ற சாப்பாட்டில் சுமார் 40 கிராம் தேறும். இதோடு இரண்டு முட்டை (12), ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டல் (12), 100 கிராம் பன்னீர் (18) சேர்த்தால் 82. அசைவம் சாப்பிடுபவர்கள் பன்னீருக்குப் பதில் 150 கிராம் கோழியோ மீனோ சேர்த்தால் 90-ஐத் தாண்டிவிடுவார்கள். ஆக, இலக்கின் கீழ் எல்லையை அடுப்படியே கிட்டத்தட்ட எட்டிவிடுகிறது. பவுடருக்கு மிஞ்சும் வேலை 10, 15 கிராம்தான். ஐ.சி.எம்.ஆர். – தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், தசை வளர்க்கப் புரதப் பவுடர்களை நாட வேண்டாம் என்று சொல்லி உணவைத்தான் முன்னிறுத்துகிறது.

ஆனால் சுண்டல் அவிக்க நேரமில்லாதவர், முட்டையும் தொடாதவர், காலை ஆறு மணி வகுப்பை முடித்து நேரே அலுவலகம் ஓடுபவர் என்று பலர் உண்டு. அவர்களுக்குப் பவுடர் உதவும். எதை வாங்குவது?

எந்த டப்பா யாருக்கு?

*வே கான்சன்ட்ரேட்:* எடையில் 70–80 சதவீதம் புரதம். விலை குறைவு. தசை வளர்ச்சியைத் தூண்டும் லூசின் என்ற அமினோ அமிலம் இதில் தாராளம். பால் ஒத்துக்கொள்பவர்களுக்கு இதுவே போதும்.

*வே ஐசொலேட்:* சுமார் 90 சதவீதம் புரதம், லாக்டோஸ் மிகக் குறைவு. பால் குடித்தால் வயிறு உப்புபவர்கள் மட்டும் கூடுதல் விலை கொடுக்கலாம். வே தொடங்கிய பிறகு முகப்பரு கூடினால் அதை நிறுத்திப் பாருங்கள். சிலருக்கு அப்படி ஆவதுண்டு.

*சோயா, பட்டாணி, அரிசிப் புரதம்:* பாலே வேண்டாம் என்பவர்களுக்கு. செடிகள் மண்ணிலிருந்து ஈயம், காட்மியம் போன்றவற்றை உறிஞ்சுவதுதான் இதன் சிக்கல். 2025-இல் அமெரிக்க நுகர்வோர் அமைப்பான 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' 23 தயாரிப்புகளைச் சோதித்தபோது, தாவரப் பவுடர்களில் ஈயத்தின் அளவு பால்வழிப் பவுடர்களைவிடச் சராசரியாக ஒன்பது மடங்கு இருந்தது. கன உலோகச் சோதனை முடிவை வெளியிடும் நிறுவனத்தின் பவுடராகப் பார்த்து வாங்குங்கள். தினமும் இரண்டு மூன்று ஸ்கூப் வேண்டாம்.

*கொலாஜன்:* தோலுக்கும் முடிக்கும் என்று பெண்களிடம் அதிகம் விற்கப்படுவது. இதில் டிரிப்டோஃபன் என்ற அத்தியாவசிய அமினோ அமிலமே கிடையாது. தசைக்காக இதை வாங்குவது வீண்.

*'பெண்களுக்கென்றே' வரும் பவுடர்:* டப்பா இளஞ்சிவப்பு என்பதற்காக எடுத்துவிடாதீர்கள். 100 கிராமில் எவ்வளவு புரதம், எவ்வளவு சர்க்கரை என்று பின்பக்கம் பாருங்கள். புரதம் 35 கிராம்தான் என்றால் நீங்கள் வாங்குவது சத்துமாவுக்கு அக்கா. மூலிகை, கொழுப்புக் கரைப்பான், கஃபீன் கலந்தவற்றை வைத்துவிட்டு வாருங்கள்.

லேபிளை நம்பலாமா?

உண்மையான ஆபத்து இங்கேதான். கேரள மருத்துவர்கள் இந்தியச் சந்தையில் விற்கும் 36 பவுடர்களைச் சோதித்து 2024-இல் வெளியிட்ட ஆய்வில், சுமார் 70 சதவீத டப்பாக்களில் லேபிள் சொன்ன புரத அளவு தவறாக இருந்தது. சிலவற்றில் சொன்னதில் பாதிதான். சிலவற்றில் பூஞ்சை நச்சும் பூச்சிக்கொல்லி எச்சமும் இருந்தன. வழக்கமான சோதனை நைட்ரஜனை அளந்துதான் புரதத்தைக் கணக்கிடும் என்பதால், கிளைசின், டாரின் போன்ற மலிவான சரக்கைக் கலந்து எண்ணிக்கையை ஏற்றிவிட முடியும். சேர்மானப் பட்டியலில் இவை தனியாகத் தென்பட்டால் தவிருங்கள். 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண், தொகுதி எண், காலாவதித் தேதி, வெளி ஆய்வகச் சோதனை அறிக்கை இருக்கின்றனவா என்று பாருங்கள். ஜிம்மில் பொட்டலம் கட்டிக் கொடுக்கும் 'லூஸ்' பவுடர் வேண்டவே வேண்டாம். போட்டிகளில் பங்கேற்பவர்கள் 'இன்ஃபார்ம்டு ஸ்போர்ட்' போன்ற முத்திரை உள்ளதையே வாங்க வேண்டும். கலப்பட ஸ்டீராய்டு ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினால் "தெரியாமல் குடித்தேன்" என்பது எளிதில் எடுபடாது.

விலையையும் கிராம் கணக்கில் பாருங்கள். 2,400 ரூபாய் டப்பாவில் மொத்தம் 750 கிராம் புரதம் என்றால் கிராமுக்கு 3 ரூபாய் 20 காசு. ஏழு ரூபாய் முட்டையில் கிராமுக்கு 1 ரூபாய் 20 காசுக்கும் குறைவு.

மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாதவர்கள்

சிறுநீரக அல்லது கல்லீரல் நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் அதற்கும் சோயா அல்லது பால்வழிப் பவுடருக்கும் நடுவே நான்கு மணி நேர இடைவெளி விட வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையையும் பால்வழிப் பவுடரோடு சேர்த்து விழுங்காதீர்கள். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15–49 வயதுப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. படியேறினால் மூச்சு வாங்குகிறது என்றால் பவுடருக்குச் செலவழிக்கும் முன் ஹீமோகுளோபினைப் பாருங்கள்.

இன்னொன்று: இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஒரு ஷேக் மட்டும் குடித்து எடை தூக்காதீர்கள். போதிய உணவில்லாமல் பயிற்சி செய்தால் மாதவிடாய் தள்ளிப்போகும், நின்றும் போகலாம், எலும்பும் பலவீனமாகும். அப்படி நேர்ந்தால் ஜிம்முக்குக் கொஞ்சநாள் விடுப்பு கொடுத்து மருத்துவரைப் பாருங்கள்.

இந்த வாரம் மூன்று நாள் சாப்பிடுவதையெல்லாம் எழுதி வையுங்கள். குறைவது 15 கிராமுக்குள் என்றால் சுண்டலோ முட்டையோ கூட்டினால் போதும். 20, 25 கிராம் குறைந்து, சமைக்கவும் வழியில்லை என்றால் சின்ன டப்பாவாக ஒன்று வாங்கி, நாளுக்கு ஒரு ஸ்கூப் எடுத்துப் பாருங்கள். அடுத்த முறை ட்ரெய்னர் கேட்கும்போது அந்தத் தாளைக் காட்டுங்கள். அம்மாவுக்கும்தான்.