கல்கியின் மூன்று புதினங்கள்: வாசிப்பு வரிசை குறித்த ஓர் ஆய்வு

முன்னுரை

நெடுங்கதை ஒன்று பல நூல்களாக விரியுங்கால், எந்நூலை முதற்கண் கற்பது என்னும் வினா எழுதல் இயல்பே. ஆசிரியர் எழுதிய வரிசையிற் கற்பதா, கதை நிகழ்ச்சிகள் நடந்த கால வரிசையிற் கற்பதா என்பதே அவ்வினாவின் உட்கிடை. 'பொன்னியின் செல்வன்' 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் இரு பாகத் திரைப்படமாக வெளிவந்த பின்னர், கல்கியின் நூல்களைத் தேடி நூலகம் புகும் மாணாக்கர் பலர் இவ்வினாவை எழுப்பக் கேட்கிறோம். அதற்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ் மரபில் தொடர்நூல்கள்

நூல்களை வரிசைப்படுத்திக் கற்றல் தமிழுக்குப் புதிதன்று. சிலப்பதிகாரமும் மணிமேகலையும் இரட்டைக் காப்பியங்கள் எனப்படுகின்றன. கோவலன் கொலையுண்ட துயரம் கற்போர் நெஞ்சில் முன்னரே நிறைந்திருப்பதனாலேயே, மாதவியின் துறவும் அவள் மகளின் துறவும் முழுப்பொருள் பெறுகின்றன. உமறுப்புலவர் மூன்று காண்டங்களாகப் பாடிய சீறாப்புராணம், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வு முழுவதையும் பாடி நிறைவுறவில்லை. எஞ்சிய வரலாற்றைப் பனூ அகமது மரைக்காயர் 'சின்னச் சீறா' எனப் பாடினார். வாழ்வின் வரிசையும் நூல்கள் தோன்றிய வரிசையும் இங்கு ஒன்றியமைதலின் ஐயத்துக்கு இடமில்லை.

இக்கால இலக்கியத்திலும் இதற்குச் சான்றுண்டு. திருவரங்கத்தில் வளர்ந்த எழுத்தாளர் சுஜாதாவின் 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' தனித்தனிக் கதைகளின் தொகுப்பாதலின், எதனை முதலிற் படிப்பினும் குறையில்லை. ஆனால் ஜீனோ என்னும் இயந்திர நாய் இடம்பெறும் 'என் இனிய இயந்திரா'வைப் படித்த பின்னரே 'மீண்டும் ஜீனோ'வைப் படித்தல் வேண்டும். எல்லாத் தொகுதியும் தொடர் ஆகா என்பதும், தொடராயின் வரிசை வேண்டும் என்பதும் இவற்றாற் புலனாகின்றன.

எழுதிய வரிசையும் நிகழ்வு வரிசையும்

மேற்கூறியவற்றில் இருவகை வரிசையும் ஒன்றே. கல்கியிடத்தோ அவை பிரிகின்றன. 1899-இல் பிறந்த கல்கி, திருச்சிராப்பள்ளியிற் பள்ளிக்கல்வி பயின்று, 1921-இல் ஒத்துழையாமை இயக்கத்தின் அழைப்பை ஏற்றுப் படிப்பைத் துறந்தவர். 1941-இல் தொடங்கப்பெற்ற 'கல்கி' இதழில் அவ்வாண்டே 'பார்த்திபன் கனவு' தொடராக வெளிவரலாயிற்று. 1944 முதல் 1946 வரை 'சிவகாமியின் சபதம்' வெளிவந்தது. 1950-இல் தொடங்கிய 'பொன்னியின் செல்வன்' 1954-இல் நிறைவுற்றது. அவ்வாண்டு திசம்பரில் ஆசிரியரும் மறைந்தார். முதல் நூல் மூன்று பாகம், அடுத்தது நான்கு, இறுதியது ஐந்து என, ஆசிரியரின் கதைக்களம் படிப்படியாக விரிந்தமையை இவ்வெண்களே காட்டும்.

கதை நிகழும் காலத்தை நோக்கின் வரிசை மாறுகிறது. 'சிவகாமியின் சபதம்' மகேந்திரவர்மப் பல்லவரின் ஆட்சியில் தொடங்கி, அவர் மைந்தர் நரசிம்மவர்மர் 642-ஆம் ஆண்டளவில் வாதாபியை வென்ற நிகழ்ச்சி வரை செல்கிறது. 'பார்த்திபன் கனவு' அதற்குப் பின்னர், நரசிம்மவர்மர் பேரரசராய் விளங்கிய நாளில் நிகழ்வது. 'பொன்னியின் செல்வன்' பத்தாம் நூற்றாண்டில், சுந்தர சோழரின் இறுதி ஆண்டுகளில் அமைந்தது. ஆகவே நிகழ்வு வரிசையில் முதலிடம் பெறுவது, எழுதிய வரிசையில் இரண்டாவதாக நிற்கிறது.

எவ்வரிசை ஏற்புடைத்து?

முதல் வாசிப்புக்கு எழுதிய வரிசையே ஏற்றது என்பது நம் கருத்து. அதற்குரிய காரணங்கள் மூன்று.

ஒன்று, 'பார்த்திபன் கனவி'ல் ஒரு மறைபொருள் உண்டு. அதனை இங்கு வெளியிடுதல் முறையன்று. 'சிவகாமியின் சபத'த்தை முன்னரே கற்றவர்க்கு அம்முடிச்சு விரைவில் அவிழ்ந்துவிடும். முதன்முறை படிப்போர் பெறும் வியப்பை அவர் இழப்பர்.

இரண்டு, 'பார்த்திபன் கனவி'ல் நரசிம்மவர்மரைப் பேரரசராகவும் குந்தவி என்னும் மகளுக்குத் தந்தையாகவும் காண்கிறோம். பின்னர் 'சிவகாமியின் சபத'த்தில் அவரை இளைஞராகக் காணுங்கால், அவர்க்கும் ஆடலரசி சிவகாமிக்கும் இடையிலான அன்பு எங்கு முடியும் என்பதை ஓரளவு உணர்ந்தே படிக்கிறோம். இவ்வுணர்வு சுவையைக் குறைப்பதன்று, அவலச்சுவையை ஆழப்படுத்துவது. கோவலனின் முடிவை அறிந்தே நாம் சிலம்பைக் கற்கவில்லையா?

மூன்றாவது காரணமே தலையாயது. நிகழ்வு வரிசையில் அடுக்கிப் படிப்போர், இப்புதினங்களை வரலாற்றுப் பாடநூலாகக் கொண்டுவிடும் இடர் உண்டு. மகேந்திரவர்மர், நரசிம்மவர்மர், பரஞ்சோதி, இராசராசர் ஆகியோர் வரலாற்று மாந்தர். சிவகாமியும், பார்த்திபனும், விக்கிரமனும், நந்தினியும் கற்பனைப் படைப்புகள். எழுதிய வரிசையிற் படிப்போர், ஓர் எழுத்தாளனின் கற்பனை எவ்வாறு வளர்ந்தது என்பதைக் காண்பர். வரலாற்றை வரலாற்று நூல்களில் தேட வேண்டும் என்பதையும் உணர்வர்.

இம்மூன்று நூல்களையும் பிணைப்பது ஒரு கனவு. உறையூர்ச் சோழன் பார்த்திபன், பல்லவர்க்குத் திறை செலுத்த மறுத்துப் போர்க்களத்தில் வீழ்கிறான். சோழநாடு தலைநிமிர்ந்து நிற்க வேண்டும் என்னும் அவன் கனவு, ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னரே முழுமையுற்றதை நூலிறுதியில் ஆசிரியரே சுட்டுகிறார். 'பொன்னியின் செல்வனை' மட்டும் படிப்போர் நனவைக் காண்பர். அதற்கு முந்திய கனவைக் காணார். பல்லவ இளவரசி குந்தவியையும் சோழ இளவரசி குந்தவையையும் ஒருவரெனக் கருதி மயங்கும் குறையும் இவ்வரிசையால் நீங்கும்.

அயல்நாட்டுச் சான்று

ஆங்கில எழுத்தாளர் சி. எஸ். லூயிசின் 'நார்னியா' மாயக்கதைகள் ஏழும் 1950 முதல் 1956 வரை வெளிவந்தன. நார்னியா உலகின் தோற்றத்தைக் கூறும் நூல் ஆறாவதாக 1955-இல் வந்தது. பிற்காலப் பதிப்புகள் அதனையே முதல் நூலாக எண்ணிட்டன. இது குறித்து வாசகரிடையே இன்றளவும் இருவேறு கருத்துகள் நிலவுகின்றன. லூயிசோ 1957-இல் ஒரு சிறுவனுக்கு எழுதிய மடலில் நிகழ்வு வரிசைக்கு இசைவு காட்டி, எவ்வரிசையிற் படிப்பினும் பெரிதும் வேறுபாடில்லை என்னும் கருத்தையும் தெரிவித்தார். ஆசிரியரே விதி வகுக்காத இடத்தில், வாசகர் தம் நோக்கத்துக்கேற்ப வரிசையைத் தெரிந்து கொள்ளலாம் என்பது இதனாற் பெறப்படும்.

அவ்வகையில், கல்கியின் நூல்களை மறுமுறை கற்போர்க்கு நிகழ்வு வரிசையே பெரும்பயன் தரும். பல்லவர் எழுச்சியிலிருந்து சோழர் எழுச்சி வரையிலான நெடும்போக்கு அப்பொழுது ஒரே ஓட்டமாக விளங்கும். அதன் பின்னர் விக்கிரமனின் 'நந்திபுரத்து நாயகி', அகிலனின் 'வேங்கையின் மைந்தன்' ஆகியவற்றுக்குச் செல்லலாம். அவை வேறு ஆசிரியர்களின் வேறு பார்வைகள் என்பதை மறத்தலாகாது.

முடிவுரை

இம்மூன்று நூல்களைக் கற்கத் திருச்சிராப்பள்ளியினும் சிறந்த இடம் வேறில்லை எனலாம். மலைக்கோட்டையில் மகேந்திரவர்மர் குடைவித்த குடைவரை இன்றும் உள்ளது. குணபரன் என்னும் அவர் பெயரும், காவிரியும், சோழநாடும் அங்குள்ள கல்வெட்டில் இடம்பெறுகின்றன. குன்றின்மீது நின்று மேற்கே நோக்கின் பார்த்திபனின் உறையூர், வடக்கே நோக்கின் பொன்னி நதி, அதற்கப்பால் திருவரங்கம். 

ஆகவே மாணாக்கர்காள்! முதலில் 'பார்த்திபன் கனவு', அடுத்துச் 'சிவகாமியின் சபதம்', அதன்பின் 'பொன்னியின் செல்வன்' எனக் கற்பீர். மறுமுறை காலவரிசையிற் கற்பீர். திரைப்படம் கண்ட அளவில் நின்றுவிடாது மூலநூலை நாடுவீராயின், மூன்று கதைகளோடு, கதைக்கும் வரலாற்றுக்கும் உள்ள வேறுபாட்டைப் பகுத்துணரும் தெளிவும் வாய்க்கப் பெறுவீர்.