பெற்றோர் ஏன் வருவதில்லை?

"எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோருக்குப் பிள்ளையின் கல்வியில் அக்கறை இராது" என்று ஆசிரியப் பயிற்சி பெறும் நண்பர்கள் சிலர் சொல்லக் கேட்டேன். நிக்கோபார்த் தீவுகளுள் ஒன்றான கச்சாலில் 1980களில் பயின்றவன் நான். இக்கூற்றை மறுப்பது என் கடமை.

1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இலங்கையை விட்டு இந்தியா வர வேண்டியவராயினர். அவ்வாறு வந்தோருள் சிறு பகுதியினர் கச்சால் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்ந்தனர்; என் பெற்றோரும் அவர்களோடு வந்தவர்களே. ரப்பர்ப் பால் விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் நன்றாக வடியும். ஆகவே அவர்கள் இருட்டிலேயே கத்தியுடன் புறப்படுவர். பால் சேர்த்து ஒப்படைத்துத் திரும்ப நண்பகலாகும். பள்ளியிலோ பெற்றோர் கூட்டம் காலை பத்து மணிக்கு! அறிவிப்பும் இந்தியில். அன்றைக் கூலியை இழந்து, விளங்காத மொழியைக் கேட்க யார் போவார்? போகாதவர்க்கு 'அக்கறையற்றவர்' என்ற பட்டம் கிடைத்தது.

அமெரிக்காவில் ஏறத்தாழ 6 லட்சம் மாணவரை ஆராய்ந்து 1966இல் கோல்மன் குழுவினர் அறிக்கை வெளியிட்டனர். மாணவரின் தேர்ச்சி, பள்ளியின் வசதிகளைவிடக் குடும்பச் சூழலோடு மிகுதியும் தொடர்புடையது என்றனர். இதைக் கொண்டு வீட்டின்மீது பழியைப் போட்டுவிட்டு ஒதுங்குவோர் உண்டு. வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே உள்ள வழியைத் திறப்பது யார் பொறுப்பு?

எங்கள் ஊரில் அதைத் திறந்தவர் புதிதாக வந்த ஆசிரியர் ஒருவர். தமிழ் அவருக்குத் தாய்மொழியன்று. தட்டுத் தடுமாறியே பேசுவார். ஒரு மாலை எங்கள் வீட்டு வாசலில் அமர்ந்து, "பையன் கணக்கில் பின்தங்குகிறான், இரவில் வாய்ப்பாடு சொல்லச் சொல்லிக் கேளுங்கள்" என்றார்.

"எனக்குப் படிக்கத் தெரியாதே, ஐயா!" என்றார் அம்மா.

"அவன் திக்கினால் தெரியுமல்லவா? அது போதும், அம்மா."

அன்றுமுதல் அடுப்படியே எனக்கு வகுப்பாயிற்று. பதினாறாம் வாய்ப்பாட்டில் எத்தனை முறை திக்கினேன் என்று அம்மா விரல்விட்டு எண்ணுவார். பொய் சொல்லித் தப்ப முடியாது. அவ்வாண்டு கணக்கில் தேறினேன். பெற்றோர் கூட்டமும் மாலை நான்கு மணிக்கு மாறியது. அம்மா பெட்டியிலிருந்த நல்ல சேலையை உடுத்திப் போனார்.

தமிழகத்திலும் ஒரு முன்னோடி உண்டு. காமராசர் முதலமைச்சராகவும் நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராகவும் இருந்த காலத்தில், 1958இல், கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு தொடங்கிற்று. பள்ளிக்கு வேண்டியவற்றை ஊராரே மனமுவந்து கொடுத்தனர். ஆனால் கொடுக்க அழைப்பது வேறு. கருத்துக் கேட்க அழைப்பது வேறு.

பின்னதற்கு 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இடம் தந்தது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும் என்கிறது அது. நண்பர்களே, நீங்கள் பயிற்சிக்குச் செல்லும் பள்ளியில் அக்குழு எத்தனை மணிக்குக் கூடுகிறது, எம்மொழியில் பேசுகிறது, அவ்வூர்ப் பெற்றோர் அந்நேரத்தில் எங்கே வேலை செய்கின்றனர் என்று கேட்டு எழுதுங்கள்; அடுத்த இதழில் வெளியிடுவோம்.