படித்தது மனதில் நிற்க



டுபாயிலும் ஷார்ஜாவிலும் வளரும் எமது பிள்ளைகள் வார இறுதியில் தேவாரம் படிக்கிறார்கள். கொப்பியைப் பார்த்துப் பிழையின்றிப் பாடிய பிள்ளை, அடுத்த வாரம் இரண்டாம் அடியில் தடுமாறுகிறது. "பத்துத் தரம் வாசித்ததே" என்று தாய்மார் கவலைப்படுகிறார்கள். குறை பிள்ளையிடம் இல்லை, படிக்கும் முறையில்தான் இருக்கிறது.

அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் இரு உளவியலாளர்கள் 2006 இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மாணவரில் ஒரு பகுதியினர் ஒரு பாடத்தை நான்கு சுற்றும் வாசித்தனர். வேறொரு பகுதியினர் முதற் சுற்றில் மட்டும் வாசித்து, மற்ற மூன்று சுற்றிலும் பாராமல் நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்களே முன்னின்றனர்: 83 வீதம், எழுதியவர்கள் 71 வீதம். ஒரு வாரத்தின் பின் நிலைமை தலைகீழாயிற்று: வாசித்தவர்கள் 40 வீதம், நினைவிலிருந்து எழுதியவர்கள் 61 வீதம். தமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று கூடுதலாக நம்பியிருந்தவர்களோ வாசித்தவர்கள்தான்!

காரணம் என்ன? நினைவு என்பது மூளையின் நரம்புக் கலங்களுக்கிடையே உள்ள தொடர்பு. முயன்று நினைவுகூரும் போது அத்தொடர்பு மீண்டும் இயங்கி வலுப்பெறுகிறது. நடக்க நடக்கத்தான் ஒற்றையடிப் பாதை தெளிவாகும். கணக்காளர்களாகிய எமக்கும் இது புரியும். பேரேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் மீதி சரிவராது, கூட்டிப் பார்க்க வேண்டும்.

எமது முன்னோர் இதை அறிந்திருந்தனர். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மாலையில் வீடு திரும்பும் பிள்ளைகளுக்கு ஆசிரியர் ஒரு பூ, ஒரு பறவை, ஓர் ஊர் எனப் பெயர்களைச் சொல்லி அனுப்புவாராம். மறுநாள் மறவாமல் வந்து சொல்ல வேண்டும். உ. வே. சாமிநாதையர் 'என் சரித்திரம்' நூலில் இதைக் குறிப்பிட்டுள்ளார். இடையில் ஓர் இரவு கழிந்த பின் நினைவுகூர்வதே அங்கு பயிற்சி.

வீட்டில் செய்ய வேண்டியது இவ்வளவே. பாட்டை இரண்டு மூன்று தரம் பொருளறிந்து வாசிக்கட்டும். பிறகு கொப்பியை மூடிச் சொல்லட்டும். தடுமாறினால் உடனே எடுத்துக் கொடுக்காதீர்கள், சற்றுப் பொறுங்கள். பிறகு கொப்பியைத் திறந்து பிழையைத் திருத்துங்கள், இல்லாவிட்டால் பிழையே பழகிவிடும். மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரத்தின் பின் மீண்டும் கேளுங்கள். வேலைக்குப் போகும் தந்தையர் காரில் போகும்போதும் கேட்கலாம். மறந்ததற்காக ஏச வேண்டாம், மறந்ததைத் தேடிப் பிடிப்பதே படிப்பு.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு நாம் இடம்பெயர்ந்தபோது புத்தகங்களையும் கொப்பிகளையும் வீட்டிலேயே விட்டு வந்தோம். அம்மம்மா தினமும் விளக்கு வைத்தபின் எங்களைச் சொல்லச் சொல்லிக் கேட்ட தேவாரங்களும் வாய்பாடும் மட்டும் கூட வந்தன. பின்னர் கடல் கடந்தும் வந்தன. எமது பிள்ளைகளும் நாளை எந்த நாட்டில் வாழ்வார்களோ, நாம் அறியோம். எங்கே போனாலும் அவர்களோடு போகக்கூடியதை இன்றிரவே கொப்பியை மூடிக் கேட்கத் தொடங்குவோமாக.