ஜுரக் குழந்தையைப் பார்க்க உட்காரும் புது டாக்டர்களுக்கு

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று எங்கே ஓ.பி. பார்த்தாலும் வரிசையில் பாதி ஜுரக் குழந்தைகள்தான். நாற்பது வருஷம் பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

1. முதலில் தடுப்பூசி அட்டையைக் கேளுங்கள். நிமோகாக்கல் ஊசி (பி.சி.வி.) தமிழக அரசுத் திட்டத்தில் 2021 ஜூலையில் சேர்ந்தது, தொடக்க விழா நம் பூந்தமல்லியில்தான். 6வது வாரம், 14வது வாரம், 9வது மாதம் என மூன்று தவணை. தொழிற்பேட்டை வேலைக்கு வந்த ஒடிசா, பிகார் குடும்பங்களின் அட்டை ஊரிலேயே இருக்கும். போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். "எல்லா ஊசியும் போட்டாச்சு" என்பதை மட்டும் நம்பாதீர்கள்.

2. பழைய விதி எதற்காக வந்தது என்று புரிந்துகொண்டு, பிறகு அதைக் கைவிடுங்கள். 102க்கு மேல் ஜுரம், வெள்ளணு 15,000க்கு மேல் என்றால் கல்ச்சர் எடுத்து செஃப்ட்ரையாக்ஸோன் போடு என்றார்கள் எங்களிடம். சிரித்து விளையாடும் குழந்தையின் ரத்தத்திலும் நிமோகாக்கஸும் ஹிப் கிருமியும் ஒளிந்திருக்கலாம் என்ற பயம். ஹிப்பைத் தடுக்கும் பென்டாவேலன்ட் இங்கே 2011 டிசம்பரிலேயே வந்துவிட்டது. இரண்டு ஊசியும் பரவலான நாடுகளில் அப்படி ஒளிந்திருப்பது இன்று நூற்றில் ஒரு குழந்தைக்கும் குறைவு.

3. சளி, இருமல் எதுவும் இல்லாத ஜுரமா? சிறுநீரைப் பாருங்கள். ஊசி போட்ட குழந்தையிடம் இன்று அதிகம் தப்பிவிடும் கிருமித் தொற்று இதுதான், அதிலும் இரண்டு வயதுக்குள்ளான பெண் குழந்தைகளிடம். ஒட்டும் பையில் பிடித்ததைக் கல்ச்சருக்கு அனுப்பாதீர்கள். தோல் கிருமிதான் வளரும்.

4. மூன்று மாதம் நிறையாத சிசுவுக்கு 100.4 வந்தாலே அட்மிஷன்தான். அதற்குத் தடுப்பூசி இன்னும் முடியவில்லை. வரும் கிருமிகளும் வேறு, ஈ.கோலி, கிளெப்சியெல்லா போல.

5. சட்டையைக் கழற்றி, முழு ஒரு நிமிஷம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, அதற்கு மேல் ஐந்து வயதுவரை 40. அதைத் தொட்டால் நிமோனியாவை நினையுங்கள். பி.சி.வி. போட்ட குழந்தை என்று விட்டுவிடாதீர்கள்: நம் நாட்டில் தயாராகும் பி.சி.வி.யான நிமோசில் தடுப்பது 10 வகையை. நிமோகாக்கஸில் நூறு வகை உண்டு.

6. நம் ஊர் ஜுரங்களுக்குப் பி.சி.வி. தெரியாது. மழை முடிந்தால் டெங்கு. ஐந்து நாளாகியும் இறங்காவிட்டால் டைஃபாய்டு, ஸ்க்ரப் டைஃபஸ். அக்குள், தொடையிடுக்கு, டயப்பருக்குள் கருகிய பொருக்கு இருக்கிறதா என்று தேடுங்கள். முதல் வாரத்து வைடாலை வைத்து டைஃபாய்டு என்று எழுதாதீர்கள்.

7. "மெடிக்கல் ஷாப்பில் என்ன சிரப் வாங்கினீங்க?" என்று கேளுங்கள், திட்டாமல். இரண்டு வேளை ஆன்டிபயாடிக் உள்ளே போயிருந்தாலே கல்ச்சரில் ஒன்றும் வளராமல் போகலாம்.

8. "ஒரு ஊசி போட்டு விடுங்க டாக்டர்" என்பார்கள். வேண்டாத ஊசியைப் போடாதீர்கள்; வெறுங்கையோடும் அனுப்பாதீர்கள். பால் குடிக்கவில்லை, குடித்ததெல்லாம் வாந்தி, வலிப்பு, துவண்டு கிடக்கிறது என்றால் ராத்திரியானாலும் தூக்கி வாருங்கள் என்று சொல்லி, அந்த அம்மாவைத் திருப்பிச் சொல்லவையுங்கள். ஜுரம் விடாவிட்டால் மறுநாள் காலை வரச் சொல்லுங்கள். வரவில்லையென்றால் நீங்களே போன் செய்யுங்கள்.