கடலடியில் ஒரு குவாலி

எங்கள் வீட்டு இரும்புக் குவாலி ஒருநாள் கைதவறிச் சிமெண்டுத் தரையில் விழுந்து இரண்டாகப் பிளந்தது. அம்மா அதைப் பழைய இரும்பு வாங்குபவரிடம் போட்டுவிட்டார். அலுமினியச் சட்டி நசுங்கியிருக்குமே, இது ஏன் உடைந்தது? நெடுநாள் கழித்து, ஜாவா கடலில் மூழ்கிய ஒரு கப்பலைப் பற்றிப் படித்தபோதுதான் இந்தக் கேள்விக்கு விடை கிடைத்தது.

1980களின் இறுதியில் மீனவர்கள் கண்டறிந்து, 1996இல் அகழாய்வு செய்யப்பட்ட கப்பல் அது. மரக்கட்டுமானம் அநேகமாக அழிந்துவிட்டது, சரக்கு மிஞ்சியது. ஏறத்தாழ 1 லட்சம் பீங்கான் பொருள்களும் 200 டன் சீன இரும்பும் ஏற்றப்பட்டிருக்கலாம் என்பது மதிப்பீடு. பீங்கானைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். இரும்போ அழகில்லாதது. கம்பிகளும், ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கப்பட்ட வார்ப்பிரும்புச் சட்டிகளும் துருவும் மணலும் சிப்பியும் சேர்ந்து பாறைபோல் இறுகிவிட்டன. உடைந்த ஓரத்தில் வரிவரியாகத் தெரியும் வளைவுகளே அவை சட்டிகள் என்று காட்டும்.

தூய இரும்பு உருக 1538 செல்சியஸ் வெப்பம் வேண்டும். 2 முதல் 4 விழுக்காடு வரை கரிமம் கலந்தால் ஏறத்தாழ 1150இலேயே உருகத் தொடங்கிவிடும். பல நாடுகளில் கொல்லர்கள் இரும்பைச் சம்மட்டியால் அடித்து உருவாக்கிய காலத்திலேயே சீனர்கள் அதை உருக்கி அச்சில் ஊற்றினார்கள். ஒரே அச்சு வடிவில் சட்டிகளை வரிசையாக வார்க்கலாம்; விலை குறையும். ஆனால் அதே கரிமம் இரும்பை நொறுங்கக்கூடியதாகவும் ஆக்குகிறது. எங்கள் குவாலியின் கதையும் இதுதான்!

இனிச் சிக்கலுக்கு வருவோம். கப்பல் எந்தக் காலத்தது? முதலில் 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி என்று கருதினார்கள். அப்படியானால் 1293இல் மங்கோலியப் படை ஜாவாவுக்கு வந்த காலத்தை ஒட்டிய கப்பல் அது. ஆனால் ஒரு பீங்கான் பெட்டியின் அடியில் 'ஜியன்னிங் ஃபூ' என்ற ஊர்ப்பெயர் இருந்தது. அந்த ஊர் அப்பெயரால் வழங்கியது 1162 முதல் 1278 வரைதான். கப்பலில் கிடைத்த யானைத் தந்தத்தையும் நறுமணப் பிசினையும் மீண்டும் கரிமக் காலக்கணிப்புக்கு உட்படுத்தி, 2018இல் சிகாகோ ஃபீல்ட் அருங்காட்சியக ஆய்வாளர்கள் முடிவை வெளியிட்டார்கள். கப்பல் 12ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்ததாக இருக்கலாமாம். ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு முந்திவிட்டது. மங்கோலியர் எங்கே, கெடிரி அரசர்கள் ஜாவாவை ஆண்ட காலம் எங்கே!

சட்டியைக் கொண்டே காலத்தைக் கணிக்க முடியாதா என்று நீங்கள் கேட்கலாம். அதிலும்தான் கரிமம் இருக்கிறதே? மரக்கரியால் உருக்கிய இரும்பென்றால், அந்த மரம் வெட்டப்பட்ட காலத்தை ஓரளவு கணிக்க முடியும். நிலக்கரி கலந்திருந்தால் கணக்கே தப்பிவிடும்; நிலக்கரி பல கோடி ஆண்டுகளுக்கு முந்திய மரமல்லவா! சீனர்களோ அக்காலத்தில் இரண்டையும் பயன்படுத்தினார்கள்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ நம்ம குவாலியை இரும்புக்காரர்கிட்டப் போடாம வச்சிருந்திருக்கணுமோ?" என்றார்.